இல்லாத கான்ஸ்டன்ட் பல வருடம் வேலை செய்த கதை

பிஎச்பி என்ற நிரல்மொழியின் 7.4 பதிப்பில் இருந்த பழைய நிரலை 8-க்குக் கொண்டுபோகும் வேலை எங்கள் டீமுக்கு வந்தபோது, நிரலை ஓட்டாமலே பிழை தேடும் பிஎச்பிஸ்டான் என்ற கருவியை முதலில் ஓடவிட்டோம். அதன் சோதனையின் ஆரம்ப லெவல்களிலேயே 'கான்ஸ்டன்ட் இல்லை' என்ற எரர் பக்கம் பக்கமாக வந்து விழுந்தது. கான்ஸ்டன்ட் என்பது மாறாத ஒரு மதிப்புக்கு நிரலில் வைக்கும் பெயர்.

முந்தைய பிஎச்பியில் அறிவிக்காத கான்ஸ்டன்டைப் பயன்படுத்தினால் நிரல் நிற்காது. அந்தப் பெயரையே ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக, எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். முதலில் வெறும் நோட்டீஸ், 7.2-இல் வார்னிங். 2020 நவம்பரில் வந்த 8.0-இல்தான் அது நிரலையே நிறுத்தும் எரர் ஆனது.

பெரும்பாலானவை மேற்கோள் குறி விட்டுப்போன அரே கீக்கள், அதாவது பட்டியலில் ஒரு மதிப்பை எடுக்கும் பெயர்கள். குறியைப் போட்டால் தீர்ந்தது. ஆனால் ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டு மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். இரட்டை மேற்கோளுக்குள் நேரடியாக எழுதும் அரேயில் கீக்குக் குறி இல்லாததுதான் சரி. அங்கே குறி போட்டால் பார்ஸ் எரர். இன்னும் சில, கான்ஃபிக் ஃபைலில் அறிவித்திருந்தும் பிஎச்பிஸ்டான் கண்ணில் படாதவை. பிஎச்பிஸ்டான் முதலில் ஏற்றிக்கொள்ளும் பூட்ஸ்ட்ராப் பட்டியலில் அந்த ஃபைலைச் சேர்த்ததும் போயின. மிச்சத்தை பேஸ்லைனில், அதாவது இப்போதைக்குக் கண்டுகொள்ள வேண்டாத எரர்களின் பட்டியலில், தள்ளலாம் என்ற யோசனைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த வகை எரர் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தே ஆகவேண்டும்.

அப்படித் திறந்ததில் சிக்கியது ஒரு மாத ரிப்போர்ட். ஆர்டரின் நிலை 'பணம் வந்தது' என்ற கான்ஸ்டன்டுக்குச் சமமா என்று பார்க்கும் இஃப். கான்ஸ்டன்ட் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. ஆக, பெயர் ஸ்ட்ரிங்காகிவிட்டது. நிலையை இன்டீஜராக (முழு எண்ணாக) மாற்றி எடுத்து, இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டிருந்தார்கள். பிஎச்பி 7 அப்படி ஒப்பிடும்போது எழுத்தில் தொடங்கும் ஸ்ட்ரிங்கை 0 ஆக்கிவிடும். எங்கள் டேபிளில் 0 என்றால் பணம் வரவில்லை, 1 என்றால் வந்துவிட்டது. கட்டாதவர்கள் எல்லாம் கட்டியவர்கள் பட்டியலில், கட்டியவர்கள் பாக்கிப் பட்டியலில்!

"அண்ணா, ஸ்பெல்லிங்கை மட்டும் சரி பண்ணி க்ளோஸ் பண்ணிடலாமா?" என்றான் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி. இத்தனை வருடம் இந்த ரிப்போர்ட்டை வைத்து யார் என்ன செய்தார்கள் என்று தெரியாமல் தொட எனக்கு மனம் வரவில்லை. அக்கவுன்ட்ஸில் போய்க் கேட்டோம்.

"அது எப்பவும் தலைகீழாத்தான் வரும் சார். நாங்க எக்ஸல்ல ரெண்டு காலத்தையும் மாத்திக்குவோம்" என்றார் அங்கிருந்த அம்மா.

சொல்லாமல் திருத்தியிருந்தால் அந்த மாதமே அவர்கள் கணக்கு புரண்டிருக்கும். அவர்களோடு பேசி, மாதக் கணக்கை முடித்த மறுநாள்தான் அந்தத் திருத்தத்தை வெளியிட்டோம்.