கடைமடை சிலிண்டர்

என் மேஜை இழுப்பறையில் ஒரு பழைய ஸ்பார்க் பிளக் இருக்கிறது. அதன் வெள்ளைப் பீங்கான் மேல் மிளகை இடித்துத் தூவியது போலக் கருப்புப் புள்ளிகள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நடுவில் மணல் மணலாக ஏதோ மினுக்கும். அது அலுமினியம். பிஸ்டனின் தலையிலிருந்து உருகித் தெறித்து வந்து ஒட்டிக்கொண்டது. இன்னும் சில தடவை மலை ஏறியிருந்தால் அந்த பிஸ்டனில் ஓட்டையே விழுந்திருக்கும்.

எங்கள் பட்டறை சேலம் கோரிமேட்டில், ஏற்காடு போகிற வழியில் இருக்கிறது. அதனால் மலையில் பொங்கி நின்ற வண்டிகள் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் இந்த வண்டி பொங்கவே இல்லை. அதுதான் என்னைச் சுற்றவிட்டது.

வண்டி மாஸ்டா எம்எக்ஸ்-5, 1989-இல் அறிமுகமான முதல் தலைமுறை. இரண்டே சீட்டு, மடக்கிக்கொள்ளும் துணிக்கூரை, 1.6 லிட்டர் எஞ்சின். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், இங்கிலாந்திலிருந்து ஊர் திரும்பியபோது சுங்கம் கட்டிக் கொண்டுவந்தது. பிற்பாடு வேறொரு ஊரில் கொடுத்து, எஞ்சினுக்குள் காற்றைக் கூடுதலாகத் திணிக்கும் டர்போ போட்டிருந்தார். சமவெளியில் பறக்கும். அடிவாரத்தில் ஏறத் தொடங்கி 12-ஆவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் இழுவை குறையும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினது போல ஒரு சத்தம் வரும். சூடு காட்டும் முள் மட்டும் நடுவில் அசையாமல் நிற்கும்.

என்னிடம் வருவதற்கு முன்பே பெரிய அலுமினிய ரேடியேட்டர், இரண்டு ஃபேன் எல்லாம் ஏறியிருந்தன. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்துவைக்கும் தெர்மோஸ்டாட்டையே யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். லாரி நிறைந்த எங்கள் பக்கத்தில் இது ஒரு பழக்கம். வண்டி சூடானால் முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்று என்பார்கள். நான் இதை ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. எஞ்சின் தனக்குரிய சூட்டுக்கு வராமலே ஓடினால் பெட்ரோலும் வீண், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். அதனால் புது தெர்மோஸ்டாட் வாங்கி மாட்டினேன். அப்புறம் வாட்டர் பாடி, அதாவது தண்ணீரைத் தள்ளும் பம்ப், மேல் சந்தேகப்பட்டு அதையும் மாற்றினேன். பழையதைப் பிரித்துப் பார்த்தால் இறக்கைகள் முழுசாக, நன்றாகவே இருந்தன. ரெண்டு வாரமும் அவருடைய பணமும் அதில் போயின. பிளக்குகளை முதல் நாளே கழற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியில் கழற்றி, ஒரு துணியில் வரிசையாக வைத்தேன். முன்னால் இருக்கும் 1-ஆம் சிலிண்டரின் பிளக் நல்ல வெளிர்பழுப்பு. 2 அதைவிடக் கொஞ்சம் வெளுப்பு. 3 இன்னும் வெளுப்பு. டாஷ்போர்டுத் தகட்டை ஒட்டிக் கடைசியில் இருக்கும் 4-ஆவது, இழுப்பறையில் உள்ள அந்தப் பிளக். நாலும் ஒரே எஞ்சின், ஒரே பெட்ரோல், ஒரே தண்ணீர்.

சிலிண்டர்களை மேலிருந்து மூடும் எஞ்சின் ஹெட்டின் முன்னாலும் பின்னாலும் ஒரு ரூபாய் அளவுக்குக் கருப்பு பெயிண்ட் அடித்தேன். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் சூடு அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியை நீட்டினால் தப்பான அளவுதான் வரும், கருப்பின் மேல் நீட்டினால் சரியாகச் சொல்லும். வண்டியை ஓட்டிவந்து நிறுத்திய உடனே பார்த்தால், பின்பக்கம் பத்து டிகிரிக்கும் மேல் கூடுதல்.

அன்று சாயங்காலம் லேத் போடும் அண்ணன் வேறு வேலையாக வந்திருந்தார். பூலாம்பட்டிப் பக்கத்துக்காரர். மேட்டூர் வாய்க்கால் பாசனத்தில் குடும்பத்துக்கு நிலம் உண்டு. பிளக் வரிசையைப் பார்த்துவிட்டு, “தம்பி, தண்ணி எங்க உள்ள போகுது? எங்க வெளிய வருது?” என்று கேட்டார். வாட்டர் பாடி தள்ளும் இடமும் தண்ணீர் வெளியேறும் வாயும் ரெண்டும் முன்பக்கத்தில்தான் என்று விரலால் காட்டினேன்.

“அப்ப தலைமடைக்காரன் வயல்ல பாய்ஞ்சு அப்படியே ஆத்துக்குத் திரும்பிடுது. கடைமடைக்கு என்ன மிஞ்சும்?”

ரெண்டு வாரமாக நான் தண்ணீர் எவ்வளவு குளிர்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கவில்லை.

இந்த எஞ்சினுக்கு ஒரு முன்கதை உண்டு. அதன் குடும்பம் முதலில் மாஸ்டா 323-க்காக வந்தது. அதில் எஞ்சின் குறுக்குவாட்டில் படுத்திருக்கும். தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து நாலு சிலிண்டரையும் கடந்து மறுமுனையில் வெளியேறும். எம்எக்ஸ்-5 பின்சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் அதே எஞ்சினை நெடுக்குவாட்டில் திருப்பி வைத்தார்கள். அப்படி வைத்தால் பழைய வெளியேறும் வாய் டாஷ்போர்டுத் தகட்டில் போய் முட்டும். அதனால் வாயை முன்பக்கம் கொண்டுவந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்தபடியே சுமார் 115 குதிரைத்திறனில் ஓடும்வரை அது போதுமானது. உலகம் முழுக்க எத்தனையோ வண்டிகள் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. டர்போ போட்டுக் கூடுதல் சூட்டை ஏற்றி, அதையும் மலையில் ஏற்றினால்தான் கடைசி சிலிண்டர் தவிக்கும்.

இந்த வண்டிக்கு இன்னொரு கேடும் நடந்திருந்தது. ஹெட்டின் பின்பக்கத்தில் ஒரு சின்ன வழி மிச்சம் உண்டு, ஹீட்டருக்குப் போகும் ஹோஸ். கடைமடைத் தண்ணீர் கொஞ்சமாவது நகர்வது அது வழியாகத்தான். டர்போ போட்டவர்கள், சேலத்தில் ஹீட்டர் எதற்கு என்று அந்த ரெண்டு ஹோஸையும் எடுத்துவிட்டு மூடி போட்டிருந்தார்கள். புதிதாக வைத்த சூடு மீட்டரின் சென்சாரையோ ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் மாட்டியிருந்தார்கள். அதாவது தலைமடையில் நின்றுகொண்டு வாய்க்கால் முழுக்கத் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்த முள். பின்னால் ஹெட்டுக்குள்ளே தண்ணீர் தேங்கி, சூடேறி, உலோகத்தை ஒட்டி ஆவிக்குமிழ் கட்டும். தண்ணீர் வாங்குகிற அளவுக்குச் சூட்டை ஆவி வாங்காது. அந்த இடம் மட்டும் காயும். பெட்ரோல் கலவை தன் நேரத்துக்கு முன்னாலேயே வெடிக்கும். கூழாங்கல் சத்தம் அதுதான்.

ஹீட்டர் ஹோஸை முதலில் திரும்ப மாட்டினேன். சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. சரி, வழியையே மாற்றுவது என்று முடிவு செய்தோம். முன்பக்க வாயைத் தகடு போட்டு அடைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டை ஹெட்டின் பின்முனைக்குக் கொண்டுபோவது. அங்கிருந்து ஒரு குழாய், எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் பக்கமாக முன்னே வந்து ரேடியேட்டரில் சேரும். தண்ணீர் நாலு சிலிண்டரையும் தொட்டுவிட்டுத்தான் வெளியே போக முடியும். எம்எக்ஸ்-5 பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் வெளிநாடுகளில் பல வருடமாகச் செய்துவரும் வேலை இது. அதற்கென்று தயார் சாமானும் அங்கே கிடைக்கும். நாங்கள் இங்கேயே செய்துகொண்டோம்.

பின்னால் கை நுழைகிற இடம் நாலு விரல்கூட இல்லை. அட்டையில் வெட்டி வெட்டி அளவு பார்த்து, லேத் அண்ணன் ஒரு அலுமினியத் துண்டில் வளைந்த வாயைக் கடைந்து கொடுத்தார். அதில் மீட்டர் சென்சாருக்கு ஒரு மரை, ஃபேன் சுவிட்சுக்கு ஒரு மரை. முன்பக்கத்தை அடைத்த பிறகு சுவிட்சை அங்கேயே விட்டால் ஃபேனுக்குச் சேதி போகாது. தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் காற்று போக 3 மில்லிமீட்டர் துளை ஒன்று. ஹீட்டர் ஹோஸை இந்த முறையும் விட்டுவைத்தோம். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணீர் சுழன்றுகொண்டிருக்க அந்த வழி வேண்டும். ஹோஸுக்காக ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அரைநாள் நின்று, வெவ்வேறு கார்களின் ஹோஸ்களை எடுத்து வளைவு வளைவாகப் பொருத்திப் பார்த்தேன். நேர் ஹோஸை வளைத்து மாட்டினால் மடியும் இடத்தில் நசுங்கிவிடும்.

முதல் ஓட்டத்தில் 7-ஆவது வளைவிலேயே கூலன்ட்டின் அந்த இனிப்பு வாடை அடித்தது. ஓரம் கட்டிப் பார்த்தால் கியர்பாக்ஸ் மேல் சொட்டு. திரும்பி வந்து கழற்றினோம். கண்ணுக்கு நேராகத் தெரிந்த அலுமினிய முகம் நேராக இல்லை. தடித்த கண்ணாடி மேல் எமெரி ஷீட்டை விரித்து, முகத்தில் நீல மையைத் தடவி, எட்டுப் போடுவது போல மெதுவாகத் தேய்த்தேன். மேடான இடத்தில் நீலம் போய் வெள்ளை தெரியும், பள்ளத்தில் நீலம் நிற்கும். ஒரு ஓரத்தில் நகக்கண் அளவு நீலம் போகவே மாட்டேன் என்றது. அது போகும்வரை தேய்த்தேன், ஒன்றரை மணிநேரம். அதன் பிறகு ஒரு சொட்டும் கசியவில்லை.

காற்றை வெளியேற்றுவது தனி வேலை. வண்டியின் மூக்கை மேல்நோக்கிச் சரிவில் நிறுத்தினால் ரேடியேட்டர் மூடி எல்லாவற்றையும்விட உயரத்தில் நிற்கும், குமிழ்கள் தேடிக்கொண்டு அங்கே வரும். ஹீட்டரையும் முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, குமிழ் நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்றியது பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். எங்கள் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரில் சுண்ணாம்பாகப் படியும், அதைத் தொடவே கூடாது. பனி உறையாத ஊரில் கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், திறந்த பாத்திரத்தில் வெறும் தண்ணீர் அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடியும் கூலன்ட்டும் சேர்ந்துதான் அந்த எல்லையை மேலே தள்ளிவைக்கின்றன.

வழியை மாற்றுவதற்கு முன்பே பின்முனையில் தற்காலிகமாக ஒரு சென்சார் வைத்து ஒருமுறை ஏறியிருந்தேன். 15-ஆவது வளைவில் அது 108-ஐத் தொட்டது, அப்போதும் பழைய முள் நடுவில்தான் நின்றது. மாற்றிய பிறகு ஏப்ரல் மாதத்தில், மதியம் 3 மணி வெயிலில், அதே வேகத்தில் அடிவாரத்திலிருந்து ஏறினோம். வண்டிக்குச் சொந்தக்காரர் ஓட்ட, நான் மீட்டரைப் பார்த்தபடி பக்கத்தில். 12, 13, 14. காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். 20-ஆவது வளைவு தாண்டும்போது 97. கூழாங்கல் சத்தம் இல்லை. மேலே போய் நிறுத்திய பிறகும் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆயிரம் கிலோமீட்டர் கழித்துப் பிளக்குகளைக் கழற்றி அதே துணியில் வைத்தேன். எது 4-ஆவது என்று லேத் அண்ணனைக் கேட்டேன். அவருக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. பேனாவால் எண் போட்டு வைத்திருக்காவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

டிசம்பரில் ஒருநாள் காலை ஏழு மணிக்குக் காபித் தோட்டத்துக்காரர் போன் செய்தார். ஏதோ கோளாறு என்று பதறிக்கொண்டு எடுத்தேன். “தம்பி, இங்க ஒரே பனி, எதிர்ல இருக்கிற சில்வர் ஓக் மரமே தெரியல. ஹீட்டர் போட்டேன் பாருங்க, கை ரெண்டும் சூடாயிடுச்சு. இந்த வண்டியில இது வேலை செஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு!” என்றார். கூலன்ட் மாற்றும்போது மட்டும் வேறெங்கும் கொடுக்காமல் கீழே எடுத்துவரச் சொன்னேன். மூக்கை மேலே தூக்கி நிறுத்த எங்கள் பட்டறை வாசலில் நல்ல சரிவு இருக்கிறது.