மினிடிவி கேம்கார்டரை வெப்கேமராவாக்கியது: தாமதம் எங்கே தேங்கியிருந்தது?

சிறு கேசட்டில் டிஜிட்டல் காணொளி பதியும் மினிடிவி கேம்கார்டரிலிருந்து, ஃபயர்வயர் என்னும் பழைய கேபிள் இணைப்பு வழியாக வரும் படம், உலாவியில் நடக்கும் காணொளிச் சந்திப்பில், கையசைத்தால் கையோடு சேர்ந்தே அசைகிற நிலைக்கு இப்போது வந்துவிட்டது. படத்தைத் திரைக்குக் கொண்டுவருவது பெரிய காரியமன்று. பேசி முடித்த பிறகு உதடு அசைகிற அந்தத் தாமதத்தை ஒழிப்பதுதான் இதில் உள்ள உண்மையான வேலை என்பதால், இந்தக் குறிப்பின் பெரும்பகுதி அதற்கே செல்கிறது.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் கணினியில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் அட்டை ஒன்று இருக்கிறது. கேமராவின் டிவி ஓட்டத்தை (இங்கே டிவி என்பது தொலைக்காட்சியன்று, DV என்னும் டிஜிட்டல் காணொளி வடிவம்) டிவிகிராப் என்னும் நிரல் வாங்கி, ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்கு நேராகக் கடத்தும் பைப் வழியாக, எஃப்எஃப்எம்பெக் என்னும் காணொளி மாற்றும் நிரலிடம் கொடுக்கிறது. அது இன்டர்லேஸை (ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் இரண்டு ஃபீல்டுகளாகப் பிரிந்து வரும் முறையை) நீக்கி, அளவைச் சரிசெய்து, வி4எல்2லூப்பேக் என்னும் லினக்ஸ் மாட்யூல் உருவாக்கும் மெய்நிகர் கேமராவில் எழுதுகிறது. அந்த மாட்யூலை ஏற்றும்போது எக்ஸ்க்ளூசிவ் கேப்ஸ் என்னும் அமைப்பை 1 என்று வைக்காவிட்டால், குரோமியம் வகை உலாவிகளின் பட்டியலில் கேமரா தென்படாது. கேமராவில் கேசட் இருக்கக் கூடாது. கேசட் உள்ளே இருந்தால், ஹெட்டையும் டேப்பையும் காப்பதற்காகச் சில நிமிடங்களில் அது தானே அணைந்துவிடும். டெமோ மோடை நிறுத்திவிட்டு, பேட்டரிக்குப் பதிலாக அடாப்டரில் ஓட்ட வேண்டும். ஸ்டாண்டில் நிற்கும் கேமராவுக்கு நடுக்கம் தவிர்க்கும் வசதியும் வேண்டாம்.

இனித் தாமதத்துக்கு வருகிறேன். திரையில் மில்லிவிநாடி காட்டும் ஸ்டாப்வாட்ச் ஒன்றை ஓடவிட்டு, கேமராவை அதன் மீது திருப்பி, கேமரா வழியாக வரும் படத்தை அதற்குப் பக்கத்திலேயே திறந்துவைத்து, இரண்டையும் ஒரே புகைப்படத்தில் கைபேசியால் எடுத்தால், இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடே மொத்தத் தாமதம். 60 ஹெர்ட்ஸ் திரையில் இந்த அளவீட்டுக்கு ஏறத்தாழ 17 மில்லிவிநாடிப் பிசிறு உண்டு. நம் வேலைக்கு அந்தத் துல்லியம் தாராளமாகப் போதும். தொடக்கத்தில் இந்த வேறுபாடு விநாடிக் கணக்கில் இருந்தது. அதைவிட எரிச்சலூட்டியது, ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அது வெவ்வேறாக இருந்ததும், ஒருமுறை ஏறிய தாமதம் எவ்வளவு நேரம் ஓடினாலும் குறையாததும்தான்.

பைப்பின் மீதுதான் பலரும் பழி போடுகிறார்கள். கணக்குப் போட்டால் அந்தப் பழி நிற்பதில்லை. பிஏஎல் என்னும் தொலைக்காட்சி முறையில் ஒரு டிவி ஃப்ரேம் 1,44,000 பைட். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்பதால் விநாடிக்கு 36,00,000 பைட் ஓடுகிறது. லினக்ஸில் பைப்பின் இயல்பான கொள்ளளவு 64 கிலோபைட். அதாவது ஒரு முழு ஃப்ரேம்கூட அதற்குள் தேங்க இடமில்லை. 40 மில்லிவிநாடித் தாமதத்தைக்கூடத் தனக்குள் ஒளித்துவைக்க முடியாத ஒன்றின் மீது விநாடிக் கணக்கைச் சுமத்துவது நியாயமன்று.

தேக்கம் இரண்டு முனைகளிலும் இருக்கிறது. டிவிகிராப் தன்னிடம் 100 ஃப்ரேம் வரை சேர்த்துவைக்கும் பஃபரை இயல்பாகவே வைத்திருக்கிறது. 25 ஃப்ரேம் கணக்கில் அது 4 விநாடி. கோப்பில் பதிவு செய்பவர்களுக்கு, டிஸ்க் சற்றுத் திணறினாலும் ஃப்ரேம் விழாமல் காக்கும் நல்ல ஏற்பாடு அது. நேரலைக்கோ அதுவே பகை. மறுமுனையில் எஃப்எஃப்எம்பெக், வருவது என்ன வடிவம் என்று அறிந்துகொள்ள, இயல்பாக 50,00,000 பைட் வரை படித்துப் பார்க்கும் உரிமையை வைத்திருக்கிறது. மேலே சொன்ன வேகத்தில் அது ஏறத்தாழ 1.4 விநாடிக்கான படம்.

ஆனால் இவை தேங்குவதற்கான இடங்கள்தாம். தேங்கியது ஏன் வடியவில்லை என்பதே என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி. எஃப்எஃப்எம்பெக் இந்த அளவு படத்தை நிஜ நேரத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் கையாளக்கூடியது. ஆகவே தொடக்கத்தில் சேர்ந்ததை அது ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு நடப்பு நேரத்துக்கு வந்துவிட வேண்டும். அப்படி வரவிடாமல் தடுத்தது ஆர்ஈ என்னும் இரண்டெழுத்து விருப்பம். கைமாறிக் கைமாறி வரும் கட்டளை வரிகளில் அது எப்படியோ ஒட்டிக்கொண்டே வருகிறது. கோப்பிலிருந்து படிக்கும்போது, படத்தை அதன் இயல்பான வேகத்தில் மட்டும் படி என்று சொல்வதற்காக உள்ளது அது. நேரலை உள்ளீட்டுக்கு அதைக் கொடுத்தால், உள்ளே 25, வெளியே 25 என்று இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும். வரத்தும் போக்கும் சமமாக இருக்கும் தொட்டியில், முதலில் நிரம்பிய நீர் நிரம்பியபடியேதான் நிற்கும். தொடங்கும் தருணத்தில் எவ்வளவு சேர்ந்ததோ, அதுவே இறுதிவரை தாமதமாக நிலைத்துவிடுகிறது. ஒவ்வொரு தொடக்கத்திலும் எண் மாறியதன் காரணமும் இதிலேயே அடங்கிவிட்டது.

அந்த விருப்பத்தை எடுத்துவிட்டு, உள்ளீடு டிவி வடிவம்தான் என்று வெளிப்படையாகச் சொல்லி, ஆராயும் அளவை இரண்டு மூன்று ஃப்ரேம்களுக்குக் குறைத்து, டிவிகிராப்பின் பஃபரையும் ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, ஸ்டாப்வாட்ச் வேறுபாடு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் வந்து நின்றது. மீண்டும் மீண்டும் தொடங்கினாலும் அங்கேயே நிற்கிறது. இந்த முடிவில் எனக்கு முழு நிறைவு உண்டு.

பஃபரைக் குறைத்தால் கணினி திணறும்போது ஃப்ரேம் விழும் என்பது உண்மைதான். சந்திப்பில் ஒரு ஃப்ரேம் விழுந்தால் யாரும் கவனிப்பதில்லை. ஒரு விநாடி பிந்தினால் உரையாடலே தடுமாறுகிறது. எனவே விழட்டும் என்றே விட்டிருக்கிறேன்.

இன்டர்லேஸ் நீக்கத்தில் வரிசை முக்கியம். டிவியில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். இன்டர்லேஸை நீக்கும் யாடிஃப் வடிகட்டியை முதலில் வைத்து, அதன் பிறகே 720×576 என்பதைச் சதுரப் பிக்சலுக்கு ஏற்ப 768×576 ஆக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றி உயரத்தையும் கூட்டிக் குறைத்தால், இரண்டு ஃபீல்டுகளின் கோடுகளும் ஒன்றோடொன்று கலந்து, பின்னர் எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாத சீப்புப் பல் கோடுகளாகிவிடும். ஃபீல்டுக்கு ஒரு ஃப்ரேம் என்று 50 ஆக விரித்தால் அசைவு மிக அழகாக இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் சந்திப்புச் செயலிகள் பெரும்பாலும் 30க்கு மேல் அனுப்புவதில்லை என்பதால் 25இலேயே நிறுத்திக்கொண்டேன். யாடிஃப் அடுத்த ஃப்ரேமையும் பார்த்துத்தான் நடப்பு ஃப்ரேமை முடிவு செய்கிறது. ஆக 40 மில்லிவிநாடி அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, வெறும் 576 வரிதானே என்று கேட்பவர்கள் உண்டு. சந்திப்பில் நம் முகம் வரும் கட்டமும் பெரும்பாலும் அந்த அளவுதான். உண்மையான ஆப்டிகல் ஜூம், நிதானமான ஆட்டோஃபோகஸ், பின்னொளியைச் சமாளிக்கும் தனிப் பொத்தான் ஆகியவை சிறிய வெப்கேமராக்களில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மேசைக்கு அப்பால் கேமராவை வைத்து ஜூம் செய்தால் முகத்தின் அமைப்பு கோணாமல் வருகிறது. இதற்காகவே இதைச் செய்யலாம் என்பது என் உறுதியான கருத்து.

பொருள் வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. விற்பனையாளர் ஒருவர் அனுப்பிய 4 முனைக் கேபிளின் பிளக் கேமராவின் வாயில் சரியாக இறுகவே இல்லை. சற்று அசைந்தாலே ஓட்டம் அறுந்தது. திருப்பி அனுப்புவதற்குள் பொறுமை போய்விட்டது. கேபிளை வாங்கும்போது பிளக்கின் உலோக உறை நேராகவும் தளர்வின்றியும் இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவின் அந்தச் சிறிய வாய் கெட்டுவிட்டால் மாற்றுவது கடினம். அட்டைப் பக்கம் உள்ள 6 முனைப் பிளக்கில் மின்சாரமும் வருகிறது. அதைத் தலைகீழாக அழுத்திச் செருகினால் போர்ட் எரிந்துபோகும். அட்டையில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லு இருப்பதாகப் பார்த்து வாங்கியது நல்ல முடிவு. ஆப்பிள் 2025இல் வெளியிட்ட மேக்ஓஎஸ் 26இல் ஃபயர்வயரையே எடுத்துவிட்டதால், இந்த வேலைக்கு லினக்ஸையே நம்புகிறேன்.

எச்டிஎம்ஐ உள்ள பிற்காலக் கேம்கார்டர் ஒன்றையும் அடுத்துப் பார்க்க எண்ணியிருக்கிறேன். அங்கே யுஎஸ்பி கேப்சர் குச்சி போதும். ஆனால் யுஎஸ்பி 2.0 குச்சிகளில், 1080 வரிகளில் விநாடிக்கு 30 ஃப்ரேம் சுருக்கப்படாத படத்துக்கு ஏறத்தாழ 1 ஜிகாபிட் தேவைப்பட, இணைப்பின் உச்சமோ 480 மெகாபிட்தான் என்பதால், எம்ஜேபெக் என்னும் சுருக்கிய வடிவத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். கேமராவின் மெனுவில் திரை எழுத்துகளை எச்டிஎம்ஐயில் காட்டாதிருக்கும் வசதி உண்டா என்பதை வாங்குவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அதற்கு முன் இங்கே ஒலி மீதமிருக்கிறது. தனி மைக்கின் ஒலி படத்துக்கு முன்னே ஓடிவிடுகிறது. கேமராவின் ஒலியும் அதே டிவி ஓட்டத்தில் வருவதால், அதை லினக்ஸின் ஒலி அமைப்பான ஏஎல்எஸ்ஏவின் லூப்பேக் வழியாக மெய்நிகர் மைக்காக்கினால் இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். அதற்காகக் கேமராவில் ஒலியை 12 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு மாற்றிவிட்டேன். சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. வீட்டு டிவி கேமராக்களில் ஒலி படத்தோடு பூட்டப்பட்டிருப்பதில்லை. ஃப்ரேமுக்குச் சராசரியாக 1920 சாம்பிள் (ஒலி மாதிரி) என்றாலும், உண்மையில் 1896க்கும் 1944க்கும் இடையே எங்கும் இருக்கலாம். கணினியின் கடிகாரம் வேறொரு வேகத்தில் ஓடுவதால், நீண்ட சந்திப்பில் லூப்பேக் பஃபர் மெல்ல நிரம்பியோ வற்றியோ போய், ஒலியில் வெடிப்புச் சத்தம் கேட்கிறது. எஃப்எஃப்எம்பெக்கின் ஏரீசாம்பிள் வடிகட்டியில் அசிங்க் அமைப்பைக் கொடுத்து நேரக்குறிக்கேற்ப ஒலியை நீட்டிச் சுருக்கும் சோதனை இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. வெடிப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இதில் வெற்றி கண்டவர்கள் எந்த மதிப்பைக் கொடுத்தார்கள் என்று தெரிவித்தால் அதையும் வைத்துப் பார்க்கிறேன்.