எர்லாங்கன் குன்றில் பெந்தெகொஸ்தே நாட்கள்

ஜூன் 5, 2025, வியாழன்

மென்பொருளின் புது வெர்ஷன் வேலை நேற்றிரவுதான் ஒரு வழியாக முடிந்தது. இன்று அலுவலகத்தில் யாருக்கும் வேலையில் மனம் இல்லை. எல்லார் வாயிலும் 'பெர்க்' பேச்சுதான். ஜெர்மனியின் இந்த எர்லாங்கன் ஊருக்கு வடக்கே இருக்கும் புர்க்பெர்க் குன்றையும் அதன் சரிவில் நடக்கும் பெர்க்கிர்ஷ்வை பீர்த் திருவிழாவையும் இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். மியூனிக்கின் பீர் விழாவான அக்டோபர்ஃபெஸ்ட் 1810-இல் தொடங்கியது. இது 1755-இலிருந்து வருவது. அந்தப் பெருமையை எர்லாங்கன்காரர்கள் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

மாலை ஐந்து மணிக்கு மேயர் மரச்சுத்தியலால் அடித்துப் பீப்பாயில் குழாயை இறக்கினார். முதல் பீப்பாய் இலவசம் என்பதால் நெருங்கவே முடியவில்லை. ராட்டினத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கி வந்தேன்.

ஜூன் 7, சனி

பகலில் கூட்டம் வருவதற்கு முன்பே போனேன். இந்தக் குன்றைப் பார்க்க அதுதான் நல்ல நேரம்.

அக்டோபர்ஃபெஸ்ட் என்றால் கூடாரங்கள். இங்கே மரநிழலில் நீளமான மேசைகள், அவற்றுக்குப் பின்னால் மணற்கல்லில் குடைந்த நிலவறைகள். எர்லாங்கனின் பீர்க் கதையே இந்த அறைகளில்தான் இருக்கிறது. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் பீர் பக்குவப்படவும் கோடையில் கெடாமல் இருக்கவும் குளிர்ச்சி வேண்டும். அதற்காக மதுவடிப்போர் குன்றுக்குள் சுரங்கம் தோண்டினார்கள். உள்ளே கோடையிலும் குளிரும். மேலே வெயில் படாமல் இருக்க மரங்கள் நட்டார்கள். பீர் வைத்த இடத்திலேயே உட்கார்ந்து குடிப்பதும் பழக்கமாகிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் எர்லாங்கன் பீர் வெளியூர்களுக்கு ஏராளமாகப் போனது. 1870-களில் கார்ல் வான் லிண்டே குளிரூட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு எந்த ஊரிலும் பீரைக் குளிர வைக்கலாம் என்றானது. குன்றுக்கு இருந்த அனுகூலம் போய்விட்டது. 1712-இல் தொடங்கிய இந்த ஊரின் கிட்ஸ்மான் பீர் ஆலையும் 2018-இல் மூடப்பட்டது. அதை நினைத்தால் எனக்கே வருத்தமாக இருக்கிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

எண்ட்லாஸ் கெல்லர் (கெல்லர் என்றால் நிலவறை) வாசலில் நின்றபோது உள்ளிருந்து வந்த காற்று முகத்தில் சில்லென்று பட்டது. ஏன் இந்தக் குன்று, ஏன் இந்த மரங்கள் என்பதெல்லாம் அந்த ஒரு காற்றிலேயே புரிந்துவிடும்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று பெந்தெகொஸ்தே திங்கள், அதாவது ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு மறுநாள், அரசு விடுமுறை. இன்று காலண்டரில் சிவப்பு எழுத்து கிடையாது. ஆனாலும் பல்கலைக்கழகத்தில் வகுப்பு இல்லை, எங்கள் அலுவலகமும் மதியத்தோடு காலி. பெர்க் செவ்வாய் என்று இந்த நாளுக்குத் தனிப் பேரே இருக்கிறது.

மேலாளர், பயிற்சிக்கு வந்த மாணவி, கேண்டீனில் பரிமாறுபவர், நான், எல்லாரும் ஒரே பெஞ்சில். திருவிழாவுக்கென்று வடிக்கும் பீர் வழக்கமானதைவிடக் கொஞ்சம் காட்டமானது, குவளையோ ஒரு லிட்டர். நான் எலுமிச்சைச் சோடா பாதி கலந்த ராட்லர் வாங்கிக்கொண்டேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்றவர்கள் பன்னுக்குள் மூன்று சாசேஜ் வைத்துச் சாப்பிட, எனக்கு முறுக்கிச் சுட்ட பிரெட்சல் ரொட்டியும் ஒபாட்ஸ்டாவும். ஒபாட்ஸ்டா என்பது பழுத்த கமெம்பெர் சீஸில் வெண்ணெய், வெங்காயம், பாப்ரிகா மிளகாய்ப்பொடி சேர்த்துப் பிசைந்தது. அவ்வளவு ருசி!

முன்பு விடுப்பு எடுத்தாலும் என்னால் லேப்டாப்பை மூட முடிந்ததில்லை. நான் இல்லாதபோதும் வேலை ஓடிக்கொண்டே இருக்கும், மெயில் குவிந்துகொண்டே இருக்கும். இன்று எல்லாரும் ஒன்றாக எழுந்து வந்துவிட்டதால் மெயில் அனுப்ப ஆளே இல்லை. ஓய்வு தனி ஆள் கேட்டு வாங்கும் சலுகையாக இல்லாமல் ஊரே சேர்ந்து எடுப்பதாக இருந்தால் மனசு இவ்வளவு லேசாகிவிடும் என்று நான் நினைத்ததே இல்லை.

பக்கத்து மேசைப் பெரியவர் 2020, 2021 இரண்டு ஆண்டும் கொரோனாவால் விழா நடக்கவில்லை என்றார். அந்த நாட்களிலும் சும்மா ஏறி வந்து குன்றைப் பார்த்துவிட்டுப் போனாராம்.

ஜூன் 16, திங்கள்

கடைசி நாள். எரிஷ் கெல்லரில் கடைசிப் பீப்பாயைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். கூட்டம் முழுக்க வெள்ளைக் கைக்குட்டைகளை அசைத்துப் பாடியது. நிஜமாகவே கண் கலங்கியவர்களும் உண்டு. எங்கள் மாணவிக்கு இதுதான் எர்லாங்கனில் கடைசி வருடம், அவளும் அழுதாள்.

அடுத்த ஆண்டு பெந்தெகொஸ்தே மே 24-இல் வருகிறது. அப்படியானால் பீப்பாய் திறப்பது அதற்கு முந்தைய வியாழன், மே 21. அந்த வாரத்திலும் அடுத்த வாரத்திலும் எதையும் வெளியிட வேண்டாம் என்று சென்னைக் குழுவுக்கு இப்போதே எழுதிவிட்டேன்.