ஃபைபர் காரை தகர டிங்கர்கிட்ட விட்டு நான் பட்ட பாடு

ஏழு மாசம் ஆச்சுங்க. ஒரு டிக்கி மூடி, ரெண்டு வால் லைட்டு, ஒரு நம்பர் பிளேட் இருக்கிற இடம், அவ்வளவுதான் வேலை, அதுக்கு ஏழு மாசம், அதுல பாதி என் அவசரத்துக்கே போச்சு. ஃபைபர் பாடி, அதாவது கண்ணாடி நாரும் ரெசின்ங்கிற பிசினும் சேர்த்துச் செஞ்ச பாடி, உள்ள வண்டி வெச்சிருக்கிறவங்க இதைப் படிச்சிட்டு அப்புறமா ஒர்க்‌ஷாப் பக்கம் போங்க.

வண்டி 2001 சான் ஸ்டோர்ம். கோவாவுல செஞ்ச ரெண்டு சீட்டு வண்டி, துணிக் கூரை, உள்ள ரெனோ 1149 சிசி இன்ஜின். பெட்ரோல் பங்க்ல நிறுத்துனா "ஃபெராரியா சார்"னு கேட்பாங்க, 60 குதிரைதான் தம்பின்னு சொன்னா முகம் அப்படியே வாடிடும். இதுக்கு முன்னாடி வெச்சிருந்த புண்ணியவான் டிக்கி மேல ஒரு அலுமினிய விங் மாட்டி, ஃபைபர்லயே நேரா ஸ்க்ரூ முடுக்கி வெச்சிருந்தாரு. ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுத்தியும் சிலந்திவலை மாதிரி விரிசல். சரி, விங்கைக் கழட்டிட்டு வாத்து வால் மாதிரி சின்னதா ஒரு தூக்கல், வட்டமா எல்இடி லைட்டு, நடுவுல சுத்தமா நம்பர் பிளேட், இவ்வளவுதான் என் ஆசை. சக்கர வளைவையும் அகலமாக்கலாம்னு முதல்ல நினைச்சேன். 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு, கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனை மாத்தக்கூடாதுன்னு, மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, அதெல்லாம் படிச்சதும் அந்த ஆசையை மூட்டை கட்டி வெச்சிட்டேன்.

முதல் தப்பு, பக்கத்துத் தெரு டிங்கர்கிட்ட கொடுத்தது. அம்பாசடர் காலத்து ஆளு, தகரத்துல கை வெச்சா கோவில் சிற்பம் மாதிரி வரும். ஆனா இது தகரம் இல்லையே. அவரு விரிசல் மேல தகரத்துண்டை வெச்சு ரிவிட் அடிச்சு, பழைய பெயிண்ட் மேலயே பட்டி பூசி, தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, மூணே நாள்ல கையில கொடுத்துட்டாரு. பார்க்க அம்சமா இருந்துச்சு. ஒரு மாசம் வெயில்ல நின்னதும் தகரம் விரியிற அளவு வேற, ஃபைபர் விரியிற அளவு வேறங்கிறதால ஓரமெல்லாம் கோடு விட்டு, ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்குனப்ப பட்டி ஒரு அப்பளம் அளவுக்குக் கழண்டு ரோட்டுல விழுந்துச்சு. நான் இறங்கிப் போய் அதைப் பொறுக்கிட்டு வந்தேன், எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

ரெண்டாவது தப்பு முழுக்க என்னுது. நாமே பண்ணிடலாம்னு தெர்மாகோல் வாங்கி, ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து வாத்து வாலைச் செதுக்கி, அவ்வளவு அழகா வந்துச்சு, மேல பாலியெஸ்டர் ரெசினை ஊத்துனேன். மழையில போட்ட வெல்லக்கட்டி மாதிரி கண் முன்னாடியே கரைஞ்சு உள்ள இறங்கிடுச்சு. பாலியெஸ்டர் ரெசின்ல இருக்கிற ஸ்டைரீன் தெர்மாகோலைத் தின்னுடும், எபாக்சின்னா தின்னாதாம். இது ரெசின் கடைக்காரருக்குத் தெரியும், கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. நான்தான் கேட்கல.

அதுக்கப்புறம்தான் புத்தி வந்து கரூருக்குப் போனேன். பஸ் பாடி கட்டுற ஊருன்னு எல்லாருக்கும் தெரியும், பஸ்ஸோட முன்னாடி பின்னாடி வர்ற வளைவெல்லாம் ஃபைபர்தானே, அப்ப அந்த ஊர்ல இல்லாத ஃபைபர் ஆளா? அங்க ஒரு அண்ணா. வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்து, விரலால தட்டித் தட்டிப் பார்த்துட்டு, "தம்பி, இதுக்குப் போய் யாருங்க ரிவிட் அடிச்சது?"ன்னாரு. நான் தரையைப் பார்த்துட்டு நின்னேன்.

அவரு செஞ்சதைச் சொல்றேன், கவனிச்சுக்கோங்க. ரிவிட்டை எல்லாம் பிடுங்கி, பட்டி, பெயிண்ட், அதுக்கடியில இருக்கிற ஜெல்கோட்ங்கிற வழவழப்பான மேல்பூச்சு மூணையும் கிரைண்டர்ல கண்ணாடி நார் தெரியிற வரைக்கும் சுரண்டுனாரு, விரிசலைச் சுத்தி நாலு விரக்கடை அகலத்துக்கு. பெயிண்ட் மேல ரெசின் பிடிக்கவே பிடிக்காது. அப்புறம் உள்பக்கம் இருந்தும் மேட், அதாவது கண்ணாடி நார் விரிப்பு, ரெசின் தடவி ஒட்டுனாரு, வெளிப்பக்கம் மட்டும் ஒட்டுனா திரும்ப விரிசல் விடுமாம். வாலுக்கு ரெசின்ல கரையாத பியூ ஃபோம் கட்டையைச் செதுக்கி மேல மூணு அடுக்கு மேட். ஹார்டனர், அதாவது ரெசினை இறுக வைக்கிற திரவம், ரெசின் எடையில நூத்துக்கு ஒண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும்தான். சீக்கிரம் காயட்டுமேன்னு கூட ஊத்துனா சூடாகி விரிசல் விட்டுடும். இன்னொண்ணு, ரெசின் இறுகுறதை வேகப்படுத்துற கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு கலந்துடாதீங்க, தீப்பிடிக்கும். கோபால்ட்டை முதல்ல ரெசின்ல நல்லா கலக்கிட்டு, அப்புறமாத்தான் ஹார்டனர். அண்ணா இதை எனக்கு மூணு தடவை சொன்னாரு, தெர்மாகோல் கதையைக் கேட்டதுல இருந்து என்மேல அவருக்கு நம்பிக்கை இல்ல.

கிரைண்டர் ஓடுறப்ப நான் அரைக்கை சட்டையோட பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்தேன். ரெண்டு ராத்திரி தூக்கம் இல்ல, அப்படி அரிப்பு. சுடுதண்ணியில குளிச்சது அதைவிட மோசம். பச்சைத்தண்ணியில கழுவுங்க, முழுக்கை, மாஸ்க், கண்ணாடி இல்லாம கிட்டயே போகாதீங்க.

பெயிண்டுக்கு முன்னாடி மூணு வாரம் வெயில்ல போட்டு வைன்னு சொன்னாரு. நான் பத்து நாள்ல எடுத்துட்டேன். சரியா ஆடி மாசம் வேற. அம்மியே பறக்குற காத்துல, தகர ஷெட்டுல, கதவே இல்லாத இடத்துல பெயிண்ட் அடிச்சா என்ன ஆகும், சிவப்பு பெயிண்ட் மேல உப்புமா தூவுன மாதிரி தூசி. வாட்டர் பேப்பர் போட்டு தேய்ச்சு மறுபடி அடிச்சதுக்கு 6000 தனியா.

லைட்டு மாட்டுறது ஒரு மணி நேர வேலைன்னு நினைச்சேன். பிரேக்கை மிதிச்சா இண்டிகேட்டர் மங்கலா எரியுது, இண்டிகேட்டர் போட்டா பார்க்கிங் லைட்டு கண்ணடிக்குது. ரெண்டு எலக்ட்ரீஷியன் பார்த்துட்டு "லைட்டே டூப்ளிகேட் சார்"னு கைவிரிச்சாங்க. விஷயம் என்னன்னா, தகர வண்டியில பாடியே எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போற வழி. ஃபைபர்ல கரண்ட் போகாது, ஒவ்வொரு லைட்டுல இருந்தும் எர்த் ஒயரைத் தனியா சேஸிஸ் வரைக்கும் இழுக்கணும். பழைய எர்த் ஒயரை நம்ம டிங்கர் பட்டிக்குள்ள சமாதி பண்ணிட்டாரு. புதுசா ரெண்டு ஒயர் இழுத்தேன், சரியாயிடுச்சு, அன்னிக்கு என்னைவிட பெரிய எலக்ட்ரீஷியன் உலகத்துல இல்ல. இண்டிகேட்டர் மட்டும் படபடன்னு வேகமா அடிச்சுது, எல்இடிக்கான ஃபிளாஷர் ரிலே மாத்துனதும் அடங்கிடுச்சு.

கடைசியா ஆர்சி புதுப்பிக்கிறது. 15 வருஷம் தாண்டுன வண்டி, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஃபார்ம் 25 போட்டு காட்டியே ஆகணும். ஆர்டிஓ ஆபீஸ் வாசல்லயே ஒரு புரோக்கர், "பின்னாடி எல்லாம் மாத்தியிருக்கீங்க, பாஸ் ஆகவே ஆகாது, 12000 கொடுங்க பார்த்துக்கறேன்"னாரு. வயித்தைக் கலக்குச்சு, ஆனாலும் கொடுக்கல. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தாரு, சேஸிஸ் நம்பர் பார்த்தாரு, வாத்து வாலைத் தடவிப் பார்த்தாரு, அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கல. "ரிஃப்ளெக்டர் எங்க?"ன்னாரு. பழைய லைட்டுலயே சேர்ந்து இருந்த சிவப்பு ரிஃப்ளெக்டர், புது வட்ட லைட்டுல இல்ல, நான் யோசிக்கவே இல்ல. நம்பர் பிளேட்டுக்கு மேல வெள்ளை லைட்டும் இல்ல. போயிட்டு வான்னு அனுப்பிட்டாரு, ஒரு நாள் லீவு வீண்.

லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில ரெண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர் 60 ரூபா, குட்டி பல்பு ஒண்ணு 90 ரூபா. மறுநாள் போனேன், பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. வெளிய வர்றப்ப அந்த புரோக்கர் அதே இடத்துல நின்னு டீ குடிச்சிட்டு இருந்தாரு, நான் வேணும்னே ஒரு தடவை பிரேக்கை மிதிச்சுக் காட்டிட்டுத்தான் கிளம்புனேன்.

சாயங்கால வெயில் சாய்வா விழுறப்ப மட்டும் டிக்கியோட இடது ஓரத்துல மேட்டோட நார் லேசா மேல தெரியுது, மூணு வாரம் காயப் போடாததுக்கு. கரூர் அண்ணாவுக்கு ஃபோட்டோ அனுப்புனேன், வலது பக்கம் மட்டும் எடுத்து.