கேன் தூக்கிய காலம்

20 லிட்டர் கேன் என்றால் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. அதைத் தூக்கிக் கவிழ்த்து ஸ்டாண்டில் உட்கார வைப்பதற்குள் ஒரு சொம்பு தண்ணீர் தரையிலும் இன்னொரு சொம்பு என் சட்டையிலும் போய்விடும், இடுப்பு வலி தனி. போன வருஷம் சார்ஜ் போடுகிற சின்ன பம்ப் ஒன்று வாங்கினேன். கேன் வாயில் செருகி பட்டனை அழுத்தினால் போதும், கேன் தரையிலேயே இருக்கும். ஒரு தடவை சார்ஜ் போட்டால் எங்கள் வீட்டில் ஐந்து கேன் வரை தாங்குகிறது.

குறை இல்லாமல் இல்லை. குழாய் அடிவரை எட்டாததால் கடைசி இரண்டு டம்ளரைக் கேனைச் சாய்த்துத்தான் எடுக்க வேண்டும். அப்புறம் அந்த சிலிக்கோன் குழாய், கழுவாமல் விட்டால் உள்ளே வழுவழுவென்று பாசி மாதிரி ஏதோ படிகிறது. நான் வாரம் ஒருமுறை வெந்நீரும் வினிகரும் ஓடவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசுகிறேன்.

மீன் தொட்டிக்கு வேறு பம்ப், இரண்டு தடி பேட்டரி போடுகிற வகை. முன்பு டியூபை வாயால் உறிஞ்சித்தான் தொட்டியைக் காலி செய்வேன், அந்த ருசி வேண்டாம் சாமி. அதுவும் வாளி தொட்டியை விடத் தாழ்வாக இருந்தால்தான் தண்ணீர் வரும். பம்புக்கு அந்தக் கவலை இல்லை.

பைக்கிலிருந்து பெட்ரோல் எடுக்க இதைக் கேட்டு வந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கு மட்டும் தரவில்லை. மோட்டாரில் ஒரு பொறி போதும்.