அரிசோனா ஃப்ரீவேயும் ராங் சைடும்

திருச்சியில் ஸ்கூட்டி ஓட்டிய காலத்தில் ராங் சைடில் வருபவர்களை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. நான்குவழிச் சாலையில் யூ-டர்ன் எடுக்க ரெண்டு கிலோமீட்டர் போக வேண்டும், பெட்ரோல் பங்க்கோ எதிரே கூப்பிடு தூரத்தில் இருக்கும். லைட்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக வந்துவிடுவார்கள். பால்காரர் வருவார், கரும்பு ஏற்றிய டிராக்டர் வரும். நாமும் ஒதுங்கி வழிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவோம். அதிலும் உயிர் போகத்தான் செய்கிறது. ஆனாலும் அது தெரிந்தே, கண்ணைத் திறந்துகொண்டு, மெதுவாகச் செய்கிற தப்பு.

கல்யாணமாகி அரிசோனாவின் சாண்ட்லருக்கு வந்த பிறகு பார்த்த ராங் சைடு வேறு ரகம். இங்கே எதிர்த்திசையில் வருகிறவருக்குத் தான் அப்படி வருவதே தெரியாது. இரவு ஒரு மணி, ரெண்டு மணி இருக்கும். பெரும்பாலும் குடித்திருப்பார். ஃப்ரீவே என்கிற சிக்னலில்லாத நெடுஞ்சாலையிலிருந்து வண்டிகள் இறங்கி வருகிற எக்ஸிட் ரேம்ப்பை ஏறுகிற வழி என்று நினைத்து நுழைந்திருப்பார். அப்புறம் மற்றவர்களைப் போலவே 65 மைல் வேகத்தில் நிம்மதியாக ஓட்டுவார். எதிரே ஒழுங்காக வருபவரும் அதே 65. ரெண்டையும் கூட்டினால் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். ஒதுங்கி வழிவிட நேரம் ஏது?

வந்த புதிதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. கார் ஓட்டக் கற்றுக்கொள்வதே பெரிய பாடாக இருந்தது. இந்த ஊரில் கார் இல்லாமல் ஒரு கட்டு கொத்தமல்லிகூட வாங்க முடியாது. கணவர் சொல்லித்தர ஆரம்பித்து, சீக்கிரமே வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனதால், எதிர்வீட்டுக் கரூர் அக்கா பொறுப்பை ஏற்றுக்கொண்டார். சாண்ட்லரை ஒட்டிய ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் பல வருஷமாக இருப்பவர். இரவு ஷிஃப்ட் பார்ப்பவர் என்பதால் நடுராத்திரி ஃப்ரீவே அவருக்கு அத்துப்படி.

அக்கா முதலில் காட்டியது ஃப்ரீவேக்குக் கீழே போகும் ஒரு சாதாரணச் சாலை. கிழக்கே போகிறோம், மேலே பாலத்தில் ஃப்ரீவே வடக்கு தெற்காக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே போக வேண்டும், அதாவது இடதுபக்கம் திரும்ப வேண்டும். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சிக்னல், அந்தப் பக்கம் ஒரு சிக்னல். எதில் திரும்புவது?

நம்மூரில் வளர்ந்தவர்களுக்கு முதல் சிக்னலிலேயே கை ஸ்டியரிங்கை இடதுபக்கம் வளைக்கும். காரணம் இருக்கிறது. நாம் சாலையின் இடதுபக்கம் ஓட்டுபவர்கள். அங்கே வடக்கே போகும் பாதை மேற்கு ஓரத்தில் இருக்கும், கிழக்கு நோக்கிப் போகிறவருக்கு அதுதான் முதலில் வரும். இங்கே எல்லாம் தலைகீழ். முதல் சிக்னலில் இடதுபக்கம் இருப்பது, தெற்கு நோக்கி வந்த வண்டிகள் ஃப்ரீவேயை விட்டு இறங்கும் ரேம்ப். அதில் ஏறினால் நேராக எதிர்த்திசைதான்.

"இங்க பாரு கண்ணு, லெஃப்ட்ல போகணும்னா பாலத்தைத் தாண்டு. தாண்டாம லெஃப்ட் கிடையாது" என்றார் அக்கா. ஃப்ரீவே பாலத்துக்குக் கீழே போகும்போதெல்லாம் இன்றும் எனக்கு அந்தக் குரல் கேட்கும். எழுத்துத் தேர்வுக்குப் படித்த கையேட்டில் இப்படி ஒரு வரி இல்லை. இடதுபக்கம் ஓட்டும் நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு பக்கம் எழுதினால் குறைந்தா போய்விடுவார்கள்!

அப்புறம் ஒரு சாயங்காலம், ரேம்ப்பை ஒட்டிய கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, நடைபாதையில் நின்றபடியே ரேம்ப்பைக் காட்டினார். ரேம்ப்பின் வாயில், சிவப்பு வட்டத்தின் நடுவே வெள்ளைப் பட்டையுடன் 'டூ நாட் என்ட்டர்' பலகை. கொஞ்சம் உள்ளே தள்ளி 'ராங் வே' என்ற சிவப்புப் பலகை. சரி, எல்லா ஊரிலும் இருப்பதுதானே என்று நினைத்தேன். அவர் பார்க்கச் சொன்னது பலகையின் உயரத்தை. மற்ற பலகைகள் எல்லாம் தலைக்கு மேலே நிற்க, இவை மட்டும் தரையிலிருந்து மூன்றடியில் தொடங்குகின்றன. இரவில் ஹெட்லைட் வெளிச்சம் கீழேதான் விழும். குடித்தவரின் பார்வையும் அண்ணாந்து பார்க்காது, வண்டிக்கு முன்னால் இருக்கும் தரையிலேயே கிடக்கும். கலிஃபோர்னியாவில் இதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டு பலகைகளை இறக்கிவிட்டார்கள். ஃபீனிக்ஸிலும் பல ரேம்ப்களில் பலகையைப் பெரிதாக்கி, கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள்.

தரையிலும் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஃப்ரீவேயில் சரியான திசையில் போனால் இடது ஓரக் கோடு மஞ்சள், வலது ஓரக் கோடு வெள்ளை. மஞ்சள் கோடு நமக்கு வலதுபக்கம் தெரிந்தால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். சாலையில் பதித்த பிரதிபலிப்பான்களையும் ரெண்டு முகமாகச் செய்திருக்கிறார்கள்: சரியாகப் போகிறவருக்கு வெள்ளை, எதிர்த்திசையில் வருகிறவருக்குச் சிவப்பு. வழிகாட்டிப் பலகைகள் எல்லாம் எழுத்தில்லாத சாம்பல் முதுகைக் காட்டுவது இன்னொரு அடையாளம். தெளிவாக இருக்கிறவருக்கு இவ்வளவும் தாராளம். தெளிவாக இல்லாதவருக்கு?

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. எதிர்த்திசையில் போய் உயிர்ப்பலி வாங்கிய ஓட்டுநர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் குடித்திருந்தார்கள் என்கிறது அது. பலகையை எவ்வளவு சிவப்பாக அடித்தாலும் இந்தக் கூட்டத்துக்கு உறைக்காது. ஃபீனிக்ஸ்காரர்களுக்கு இது அறிக்கை படித்துத் தெரிய வேண்டிய விஷயமும் இல்லை. 2014 மே மாதம் மேசா நகரப் போலீஸ் அதிகாரி ஒருவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், குடித்துவிட்டு ஃப்ரீவேக்களில் நெடுந்தூரம் எதிர்த்திசையில் வந்த ஒருவர் மோதி இறந்துபோனார். அக்கா அதைச் சொல்லும்போது இன்னும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அதன் பிறகு மாநிலப் போக்குவரத்துத் துறை செய்த காரியத்தில் எனக்கு மரியாதை உண்டு. 2018-ல் ஐ-17 ஃப்ரீவேயில், ஐ-10 சந்திப்பிலிருந்து வடக்கே லூப் 101 வரை 15 மைலுக்கு, ரேம்ப்களிலும் சாலையிலுமாக 90 வெப்பக் கேமராக்களை வைத்தார்கள். இருட்டிலும் வண்டியின் சூட்டை வைத்தே அது எந்தத் திசையில் போகிறது என்று கண்டுபிடித்துவிடும். ரேம்ப்பில் ஒருவர் தப்பாக ஏறினால், எதிரே இருக்கும் 'ராங் வே' பலகை சிவப்பு விளக்குகளோடு மின்ன ஆரம்பிக்கும். அதே நேரத்தில் நெடுஞ்சாலைப் போலீசுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் தகவல் போகும். முன்பெல்லாம் பயந்துபோன யாராவது 911-ஐக் கூப்பிட்டுச் சொன்னால்தான் போலீசுக்கே தெரியும். கேமராவில் சிக்கியவர்களில் பெரும்பாலானவர்கள் ரேம்ப்பிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். தடுப்பு வேலை முழுக்க அந்தச் சில நூறு அடிக்குள்தான். மேலே ஏறிவிட்டால் கேமரா பார்த்துக்கொண்டிருக்கலாம், ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்ப முடியாது.

அப்படி ஏறிவிட்ட ஒருவர் நமக்கு எதிரே வந்தால்? தலைக்கு மேலே உள்ள மின்பலகையில், எதிர்த்திசையில் வண்டி வருகிறது, ஃப்ரீவேயை விட்டு வெளியேறுங்கள் என்று வரும். ஓர் இரவு விமான நிலையத்திலிருந்து வரும்போது அதைப் பார்த்தேன். என் கணவர் மறுபேச்சில்லாமல் அடுத்த எக்ஸிட்டில் இறங்கினார். வழியெல்லாம் சிக்னலாக நின்று நின்று வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் செய்தியில் ஒன்றும் இல்லை. யாரோ பிழைத்தார்கள், அந்த யாரோ நாமாகவும் இருக்கலாம்.

இரவில் எந்த லேனில் ஓட்டுவது என்பது அக்காவின் இன்னொரு பாடம். எதிர்த்திசையில் வருகிறவர் தான் சரியாகப் போவதாக நம்புகிறார் அல்லவா? அதனால் அவருடைய கணக்கில் வலது ஓரத்தில், நிதானமான லேனில் ஓட்டுவார். நமக்கு அது இடது ஓரத்து வேக லேன். "ராத்திரி லெஃப்ட் லேன் நம்மளுது இல்ல கண்ணு. ரோடு காலியா கிடக்குன்னு அங்க போயிடாத" என்பார். ஆகவே இருட்டினால் வலதுபக்கம். முன்னால் லாரி போனாலும் பரவாயில்லை, பின்னாலேயே போகலாம்.

குடி விஷயத்தில் நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரக்கடைசி விருந்துகளில் "ரெண்டு பீர்தானே, நான் ஸ்டெடி" என்று சாவியை எடுக்கும் அண்ணன்கள் இங்கேயும் உண்டு. அரிசோனாவில் முதல்முறை மாட்டித் தண்டனை பெற்றாலே, ஊதிக் காட்டினால்தான் கிளம்பும் கருவியைக் காரில் பொருத்த வேண்டும். போதையோடு எதிர்த்திசையில் ஓட்டினால் அது ஃபெலனி, அதாவது கடுமையான குற்றம் என்று 2018-ல் சட்டத்தையே மாற்றினார்கள். எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு இடியும் இருக்கிறது: போதையில் ஓட்டியதற்காகக் கைதானாலே, வழக்கு முடியும் முன்பே விசாவை ரத்து செய்துவிடலாம். சாண்ட்லரில் ஓட்டுநரே இல்லாத வேமோ கார் வாசலுக்கு வந்து நிற்கிறது. அதில் ஏறிப் போக என்ன கேடு?

ஏஏஏ என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் அமைப்பின் ஆய்வு ஒன்றில் ஒரு தகவல் உண்டு, அதை நான் வீட்டில் அடிக்கடி சொல்லிக்காட்டுவேன். எதிர்த்திசையில் போய் விபத்துக்குள்ளானவர்களில் மிகப் பெரும்பாலானோர் தனியாக ஓட்டியவர்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் "ஏங்க, எங்க போறீங்க?" என்று கேட்டுவிடுவார்கள் போலிருக்கிறது. கணவர் இப்போதெல்லாம் நான் வழி சொன்னால் எதிர்த்துப் பேசுவதில்லை. 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம் என்கிறது அதே ஆய்வு. மாமனார் ஆறு மாதம் தங்க வந்தபோது, சர்வதேச லைசன்ஸ் எடுத்து வந்திருக்கிறேன் என்று பெருமையாகக் காட்டினார். காரை நாங்கள் பகலில், கடைத்தெரு வரைக்கும் மட்டும் கொடுத்தோம். கொஞ்ச நாள் கோபமாகத்தான் இருந்தார்.

அவருக்கு இந்த ஊரில் பிடித்த இடம் ஒன்றே ஒன்று. ஐ-17-ல் ஹேப்பி வேலி ரோடு சந்திப்பை 2020-ல் புது மாதிரியாகக் கட்டினார்கள். பாலத்தை நெருங்கும்போது சிக்னலில் ரெண்டு பக்க வண்டிகளும் ஒன்றையொன்று குறுக்கே கடந்து, பாலப் பகுதியில் மட்டும் சாலையின் இடதுபக்கம் ஓடும். பாலத்தைத் தாண்டியதும் மறுபடி வலதுபக்கம் வந்துவிடும். ஃப்ரீவேயில் ஏற இடதுபக்கம் திரும்புகிறவர் எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை, இறங்குகிற ரேம்ப்பில் தப்பாக நுழைய நினைத்தாலும் வளைவு அதற்கு வாகாக இருக்காது. மாமனார் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்பத்தாண்டா ஒழுங்கா ஓட்டுறீங்க" என்பார். கரூர் அக்காவுக்கு மட்டும் அந்த இடம் ஆகவே ஆகாது. இத்தனை வருஷம் கழித்துத் திரும்பவும் இடதுபக்கமா என்று, ஒரு எக்ஸிட் முன்னாலேயே பினக்கிள் பீக் ரோட்டில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போகிறார்.