பினாங்கில் ஒரு பகல்: மலையா, ஊரா?

சுற்றுலாக் கப்பலில் வந்து மலேசியாவின் பினாங்கில் ஒரு பகல் மட்டும் இறங்குகிறீர்களா? கப்பல் புறப்படும் நேரத்தை விடுங்கள். ‘எல்லாரும் ஏறியாக வேண்டும்’ என்று போட்டிருக்கும் நேரம்தான் கணக்கு. அதிலிருந்து ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்தைப் பாருங்கள்.

ஐந்து மணி நேரம்கூடத் தேறவில்லையா? பினாங்கு மலையை மறந்துவிடுங்கள். ஏறுவதில் சிக்கலில்லை, இறங்கும் ரயிலுக்கான வரிசைதான் ஆளைக் கவிழ்க்கும், வார இறுதியில் கேட்கவே வேண்டாம்.

ஊர் என்றால், கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே இருப்பதால் டாக்சியே தேவையில்லை. வாசலைத் தாண்டினால் மணிக்கூண்டு. விக்டோரியா ராணியின் ஆட்சி 60 ஆண்டைத் தொட்டதன் நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி. உற்றுப் பார்த்தால் லேசாகச் சாய்ந்திருக்கும், போர்க்கால குண்டுவீச்சின் மிச்சம். பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து பத்து நிமிட நடையில் லிட்டில் இந்தியா. குயின் தெருவில் 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயிலுக்கு முதலில் போங்கள். உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள். சாப்பாடு அப்புறம்.

கப்பலின் அடுத்த நிறுத்தம் தாய்லாந்தின் புக்கெட் என்றால் கைபேசி காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது. கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமலும் இருக்கலாம்.